சிஎன்சியாக மாற்றிய மில்லிங் மெஷினுக்குக் கண்ட்ரோல் பேனல்: பட்டன் வாங்கும் முன் தொடங்கும் வேலை

கையால் ஓட்டிய மில்லிங் மெஷினைக் கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சியாக மாற்றுகிறீர்கள்: மூன்று அச்சிலும் மோட்டார் ஏறிவிட்டது, பால் ஸ்க்ரூ மாட்டியாகிவிட்டது, கீபோர்டில் அம்புக்குறியைத் தட்டினால் டேபிள் நகர்கிறது. அடுத்தது கண்ட்ரோல் பேனல்தான் என்று வந்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

"பேனல்" என்று பட்டறைகளில் இரண்டு பெட்டிகளைச் சொல்கிறோம். அச்சு மோட்டார்களை ஓட்டும் டிரைவர், டிசி பவர் தரும் எஸ்எம்பிஎஸ், கட்டரைச் சுற்றும் ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி, பவரைச் சேர்த்து வெட்டும் காண்டாக்டர் எல்லாம் உட்காரும் பவர் பெட்டி ஒன்று. ஓட்டுபவரின் கை தொடும் பட்டன் பெட்டி இன்னொன்று. இங்கே பட்டன் பெட்டியைத்தான் பேசப்போகிறோம். எமர்ஜென்சி ஸ்டாப் இரண்டுக்கும் பொது என்பதால் அந்த இடத்தில் மட்டும் பவர் பெட்டிக்குள்ளும் கொஞ்சம் போக வேண்டியிருக்கும்.

என்னுடையது பிஎஃப்20 ரக பெஞ்ச் மில். மூன்று ஸ்டெப்பர் மோட்டார், ஸ்பிண்டிலுக்கு சிங்கிள் பேஸில் ஓடும் விஎஃப்டி, கம்ப்யூட்டரில் லினக்ஸ்சிஎன்சி என்ற கண்ட்ரோல் மென்பொருள், அதோடு பட்டனையும் டிரைவரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒரு மேசா கார்டு. மென்பொருள் மாக்3 ஆனாலும் கிரபிள் ஆனாலும் வேலையின் வரிசை இதேதான்; செட்டிங்கில் வரும் பெயர்கள்தான் மாறும்.

முன்கூட்டியே வேண்டியவை: மல்டிமீட்டர், கிரிம்பிங் டூல், வயர் முனையில் அடிக்கும் பின் லக்ஸ், வயரில் மாட்டும் நம்பர் ஃபெரூல், ஒரு பெரிய அட்டைப்பெட்டி, ஒரு நோட்டு. பட்டனை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

1. ஒரு வாரம் கீபோர்டிலேயே ஓட்டுங்கள்

புதிதாக வருபவர்கள் முதலில் செய்வது, பத்துப் பன்னிரண்டு பட்டன் உள்ள செட் ஒன்றை ஆர்டர் போடுவது. அப்புறம் வந்த பட்டனுக்கு வேலை தேடுவார்கள். என் முதல் பேனலில் 18 பட்டன் இருந்தது. அதில் ஏழை ஒரு வருடத்தில் ஒருமுறைகூடத் தொடவில்லை.

அதனால் ஒரு வாரம் கீபோர்டிலேயே உண்மையான ஜாப் ஓட்டுங்கள். கை கீபோர்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் எதற்காகப் போனது என்று நோட்டில் ஒரு கோடு போடுங்கள். எனக்கு வந்த கணக்கில் ஜாக் செய்வதும் (அச்சைக் கையால் நகர்த்துவது) ஜீரோ வைப்பதும் (ஜாப்பின் தொடக்கப் புள்ளியைக் குறிப்பது)தான் பாதிக்கு மேல். அடுத்து ஃபீட் ஹோல்டு (அச்சைத் தற்காலிகமாக நிறுத்துவது), ஃபீட் ஓவர்ரைடு (அச்சு நகரும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது), ஸ்பிண்டில், சைக்கிள் ஸ்டார்ட் (புரோகிராமை ஓடவைப்பது). ஹோமிங், அதாவது அச்சுகளை அவற்றின் ஹோம் இடத்துக்குக் கொண்டுபோவது, காலையில் ஒரு தடவை.

நாளுக்கு ஒருமுறை வருவதைத் திரையிலேயே விட்டுவிடுங்கள். வேண்டாத பட்டன் சும்மா இருக்காது. அவசரத்தில் சரியான பட்டனைத் தேடும் கையைக் குழப்பும்.

2. நிறுத்துவது மூன்று விதம், மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள்

பேனலில் யோசிக்க வேண்டிய விஷயத்தில் பாதி இங்கேயே இருக்கிறது. ஓடவைக்கும் பட்டன் எங்கே இருந்தாலும் காலம் தள்ளிவிடலாம்.

ஃபீட் ஹோல்டு: அச்சுகள் வேகம் குறைந்து அப்படியே நிற்கும், ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். கட்டர் சத்தம் மாறினால், சிப்ஸ் சுருண்டு அடைத்தால், கூலண்ட் குழாய் விலகினால் இதுதான் வேண்டும். பார்த்துவிட்டுச் சைக்கிள் ஸ்டார்ட் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

புரோகிராம் ஸ்டாப்: ஓடும் புரோகிராமைக் கைவிடுவது. மெஷின் இருக்கும் இடம் மறக்காது, ஆனால் புரோகிராமில் எந்த வரியில் நின்றது என்பது போய்விடும்.

எமர்ஜென்சி ஸ்டாப்: கை மாட்டினால், துணி சுற்றினால், வைஸில் கட்டர் மோதப்போனால். ஜாப் என்ன ஆனாலும் பரவாயில்லை என்னும் நிலை. ஸ்டெப்பரில் பவர் போனால் இடம் நம்பகமில்லை, மறுபடி ஹோமிங் செய்ய வேண்டும்.

ஃபீட் ஹோல்டு கைக்கு எட்டாமல் இருந்து, பெரிய சிவப்புப் பட்டன் பக்கத்தில் இருந்தால், சின்னச் சத்தத்துக்கெல்லாம் கை சிவப்பில்தான் விழும். ஜீரோ போகும், ஜாப் போகும். நாலு தடவை அப்படிப் போனபிறகு சிவப்பைத் தொடவே தயங்குவீர்கள். உண்மையில் தொட வேண்டிய நாளிலும் அந்தத் தயக்கம் இருக்கும். ஆகவே பேனலில் மிக எளிதாக எட்டும் பட்டன் ஃபீட் ஹோல்டாகவும், அதற்கு அடுத்து கண்ணை மூடிக்கொண்டும் எட்டக்கூடியது எமர்ஜென்சியாகவும் இருக்கட்டும்.

ஸ்பிண்டில் ஸ்டாப் பட்டனில் ஒரு பொறி இருக்கிறது. கட்டர் உலோகத்துக்குள் இருக்கும்போது ஸ்பிண்டில் மட்டும் நின்று அச்சு நகர்ந்தால் கட்டர் உடையும். புரோகிராம் ஓடும்போது அந்தப் பட்டனை அழுத்தினால் முதலில் ஃபீட் ஹோல்டு விழுந்து, அப்புறம் ஸ்பிண்டில் நிற்கும்படி செட்டிங்கில் கட்டிவிடுங்கள்.

டேப் அடிக்கும்போது (துளைக்குள் மரை வெட்டும்போது) பெரும்பாலான கண்ட்ரோலர்களில் ஃபீட் ஹோல்டு உடனே வேலை செய்யாது. ஸ்பிண்டிலும் இசட்டும் சேர்ந்தே ஓட வேண்டியிருப்பதால் அந்த ஓட்டம் முடிந்தபிறகுதான் நிற்கும். பட்டன் பழுது என்று வயரைப் பிரிக்க வேண்டாம்.

3. எமர்ஜென்சி சர்க்யூட்டைக் காகிதத்தில் முடியுங்கள்

தகட்டில் ஒரு துளை போடும் முன் இந்தப் படம் முடிந்திருக்க வேண்டும். 230 வோல்ட் பக்கம் பழக்கமில்லை என்றால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்துக்கொண்டே செய்யுங்கள். விஎஃப்டிக்குள் உள்ள கெப்பாசிட்டர்கள் மெயினை அணைத்தபிறகும் சார்ஜ் வைத்திருக்கும். அதன் மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

பட்டன், அழுத்தினால் பூட்டிக்கொண்டு திருகினால் விடும் மஷ்ரூம் வகையாக இருக்க வேண்டும். பின்னால் மாட்டும் கான்டாக்ட் பகுதியான எலிமெண்ட் என்சி, அதாவது அழுத்தாதபோது மூடியிருப்பது. வயர் அறுந்தாலும் ஸ்க்ரூ தளர்ந்தாலும் மெஷின் தானே நிற்கும். அழுத்தினால்தான் மூடும் என்ஓ எலிமெண்டில் கட்டினால் அறுந்த வயர் அமைதியாக இருக்கும், நீங்கள் அழுத்தும் நாளில்தான் தெரியும்.

என்சியிலும் ஓர் ஓட்டை உண்டு. பின்பக்க எலிமெண்ட் தலையிலிருந்து கழன்று விழுந்துவிட்டால், பட்டனை அழுத்தினாலும் எலிமெண்ட் மூடியே இருக்கும். கழன்றால் தானே திறக்கும் எலிமெண்ட்கள் கிடைக்கின்றன; விலை கூட. குறைந்தபட்சம் நல்ல தரத்தில் இரண்டு என்சி எலிமெண்ட் உள்ளதாக வாங்கி, இரண்டையும், எமர்ஜென்சி சர்க்யூட்டைக் கண்காணிக்கும் சேஃப்டி ரிலேயின் இரண்டு சேனலுக்குக் கொடுங்கள்.

சர்க்யூட் இப்படிப் போகும்: 24 வோல்ட் சப்ளை, பேனல் பட்டன், கையில் பிடிக்கும் பென்டன்ட் இருந்தால் அதன் பட்டன், சேஃப்டி ரிலே. ரிலேயின் கான்டாக்டுகளிலிருந்து மூன்று இடத்துக்கு: டிரைவர்களின் எனேபிளும் அவற்றின் சப்ளை காண்டாக்டரும் ஒன்று, விஎஃப்டியின் ஸ்டாப் இன்புட் ஒன்று, கம்ப்யூட்டர் கார்டுக்குத் தகவல் ஒன்று. கடைசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கம்ப்யூட்டருக்குத் தெரியாவிட்டால் அது பாட்டுக்கு ஸ்டெப் அனுப்பிக்கொண்டே இருக்கும். பட்டனை விடுவித்ததும் அச்சு எங்கோ நடுவிலிருந்து ஓடத் தொடங்கும்.

கம்ப்யூட்டர் வழியாக மட்டும் நிறுத்துவதும் கூடாது. கிரபிளில் உள்ள ரீசெட் பின் எமர்ஜென்சி ஸ்டாப் ஆகாது. யூஎஸ்பி பட்டன் போர்டு அதற்கும் கீழே.

பட்டனைத் திருகி விட்டவுடன் மெஷின் உயிர் பெறக்கூடாது. தனியாக ஒரு "மெஷின் ஆன்" பட்டன் வைத்து, ரிலே தன்னைத்தானே பிடித்து நிற்கும் ஹோல்டிங் சர்க்யூட் போடுங்கள். கரண்ட் போய் வந்தாலும் அதே ரிலே விழுந்தே கிடக்கும். விஎஃப்டியில் ஆட்டோ ரீஸ்டார்ட் இருந்தால் அணைத்துவிடுங்கள். மாலையில் கரண்ட் போனது, வைஸில் கை வைத்திருக்கும்போது வந்தது என்று இருக்கக்கூடாது.

எதை வெட்டுவது என்பதில் இரண்டு தவறு அடிக்கடி பார்க்கிறேன். டிரைவருக்கும் ஸ்டெப்பர் மோட்டாருக்கும் நடுவில் காண்டாக்டர் போடுவது முதல் தவறு. ஓடும்போது அங்கே வெட்டினால் டிரைவர் போய்விடும். ஸ்பிண்டிலை நிறுத்த விஎஃப்டியின் மெயினையே வெட்டுவது இரண்டாவது. அப்படிச் செய்தால் பிரேக் பிடிக்க ஆளில்லாமல் ஸ்பிண்டில் தானாகச் சுற்றி ஓய வேண்டியதுதான். ஸ்டாப் இன்புட் கொடுத்து விஎஃப்டியையே பிரேக் பிடிக்கவிட்டு, ஓரிரு விநாடி கழித்து டைமர் கான்டாக்டால் பவரை எடுப்பது நல்லது. அதற்கு பிரேக்கிங் ரெசிஸ்டர் வேண்டும். அது இல்லாமல் நிற்கும் நேரத்தை அரை விநாடி என்று போட்டால் ஓவர்வோல்டேஜில் டிரிப் ஆகி, ஸ்பிண்டில் பழையபடி ஓய்ந்துதான் நிற்கும்.

இனி இசட் அச்சு. பழைய லீட் ஸ்க்ரூவில் தலை தானாக இறங்காது, உராய்வே பிடித்துக்கொள்ளும். பால் ஸ்க்ரூ அப்படியில்லை. டிரைவரில் பவர் போன மறு நொடி தலை கனத்தில் கீழே வரலாம், கட்டர் ஜாப்பில் குத்தலாம். எமர்ஜென்சி அழுத்தியதால் கட்டர் உடைந்தது என்று சொல்பவர்களைக் கேட்டால் பெரும்பாலும் கதை இதுதான். பவர் போனால் பிடிக்கும் பிரேக் உள்ள மோட்டாரை இசட்டுக்குப் போடுங்கள், அல்லது கேஸ் ஸ்ப்ரிங், எதிர் எடை ஏதாவது கொடுத்துத் தலையைச் சமன் செய்யுங்கள்.

4. அட்டையில் ஒரு பேனல் செய்து தொங்கவிடுங்கள்

நோட்டில் தேறிய பட்டன்களுக்குப் பதிலாக பாட்டில் மூடிகளை அட்டையில் ஒட்டுங்கள். மெஷினுக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டு, கட்டர் நுனியைப் பார்த்தபடி நில்லுங்கள். பேனலைப் பார்க்காமல் ஃபீட் ஹோல்டு மூடியைத் தொட முடிகிறதா? எமர்ஜென்சியை எட்ட ஸ்பிண்டிலுக்குக் குறுக்கே கை போகிறதா? போனால் பேனல் தவறான பக்கத்தில் இருக்கிறது.

உயரம் தரையிலிருந்து 100 முதல் 120 சென்டிமீட்டர் வரை பெரும்பாலானோருக்கு ஒத்துவரும். முகப்பைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தால் எழுத்து தெரியும். ரொம்பச் சாய்த்தால் அதன்மேல் ஸ்பேனரும் டீ டம்ளரும் உட்காரும்.

22 மில்லிமீட்டர் பட்டன்களுக்கு மையத்துக்கு மையம் குறுக்கே 40, நெடுக்கே 50 மில்லிமீட்டர் விடுங்கள். பெயர்ப்பலகைக்கும், பின்னால் ஸ்க்ரூடிரைவர் போவதற்கும் அந்த இடம் வேண்டும். எமர்ஜென்சியைச் சுற்றி ஒரு உள்ளங்கை அகலத்துக்கு எதுவும் வேண்டாம்.

நிறத்தில் ஐஇசி 60204-1 தரநிலையைப் பின்பற்றுவது நல்லது. எமர்ஜென்சிக்கு மஞ்சள் பின்னணியில் சிவப்பு. ஸ்டார்ட்டுக்கு வெள்ளை முதல் விருப்பம், பச்சையும் சரி, சிவப்பு கூடாது. ஸ்டாப்புக்குக் கறுப்பு முதல் விருப்பம், பச்சை கூடாது. ரீசெட்டுக்கு நீலம். நான் ஃபீட் ஹோல்டுக்குப் பூட்டாத கறுப்பு மஷ்ரூம் போட்டேன், சைக்கிள் ஸ்டார்ட்டுக்கு விளிம்போடு சமமாக உள்ளே இருக்கும் பட்டன். நிறுத்துவது முழங்கை பட்டாலும் நிற்கட்டும், ஓடவைப்பது விரலால் அழுத்தினால்தான் ஓடட்டும்.

இந்த அட்டையோடு இரண்டு நாள் ஓட்டுங்கள். நான் மூன்று தடவை மூடிகளை இடம் மாற்றினேன். அட்டைக்கு அது பசை செலவு, அலுமினியத்துக்கு அது புதுத் தகடு.

5. ஜாக் சக்கரமும் திசையும்

அம்புப் பட்டன்களைவிடக் கைச்சக்கரம் எவ்வளவோ மேல். எம்பிஜி என்று கேட்டால் கிடைக்கும். சுற்றுக்கு 100 கிளிக் உள்ளதுதான் வழக்கம். கூடவே அச்சுத் தேர்வு சுவிட்ச் ஒன்று, ஒரு கிளிக்குக்கு நகரும் தூரத்தை மாற்றும் ×1, ×10, ×100 சுவிட்ச் ஒன்று. அச்சுத் தேர்வில் "ஆஃப்" நிலை கட்டாயம் இருக்கட்டும். சக்கரத்தில் இடுப்பு உரசி அச்சு நகர்ந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு.

இங்கே வரும் முதல் தடுமாற்றம் நாலின் கணக்கு. ஏ, பி இரண்டு சிக்னலின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் கார்டு எண்ணினால் ஒரு கிளிக்குக்கு 4 கவுண்ட் வரும். ஒரு கிளிக்குக்கு 0.01 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் ஒரு கவுண்டுக்கு 0.0025 என்று போட வேண்டும். இதை விட்டுவிட்டு, மெஷின் நாலு மடங்கு ஓடுகிறது என்று மோட்டார் செட்டிங்கை மாற்றி, சரியாக இருந்த அளவையும் கெடுத்தவர்கள் உண்டு.

இரண்டாவது, சக்கரத்தை வேகமாகச் சுற்றி நிறுத்தினபிறகும் அச்சு ஓடுவது. ஒவ்வொரு கிளிக்கையும் மதித்து ஓடும் முறையில், அச்சு பின்தங்கிய தூரத்தை ஓடி முடித்துத்தான் நிற்கும். ×100-ல் இது ஆபத்து. லினக்ஸ்சிஎன்சியில் ஜாக்கை வேக முறைக்கு மாற்றலாம்: சக்கரம் நின்றால் அச்சும் நிற்கும், மிச்சக் கிளிக் கைவிடப்படும். ×100-க்கு வேக முறை, நுணுக்கமான ×1-க்கும் ×10-க்கும் கிளிக் முறை என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

மூன்றாவது திசை. சிஎன்சியில் ப்ளஸ், மைனஸ் என்பது ஜாப்பைப் பொறுத்து கட்டர் போகும் திசை. நம் மெஷினில் நகர்வதோ டேபிள். எக்ஸ் ப்ளஸ் கொடுத்தால் டேபிள் இடப்பக்கம் போவதுதான் சரி. ஒய் ப்ளஸ் என்றால் டேபிள் உங்களை நோக்கி வரும். டேபிளைப் பார்த்து அம்புக்குறி ஒட்டினால் பட்டனும் புரோகிராமும் எதிரெதிராகப் பேசும்.

கீபோர்டு போல நடிக்கும் யூஎஸ்பி போர்டில் ஜாக் வைக்காதீர்கள். விரலை எடுத்த செய்தி வழியில் தொலைந்தால் அச்சு ஓடிக்கொண்டே இருக்கும்.

6. ஓவர்ரைடு குமிழ்

பொட்டென்ஷியோமீட்டர் விலை குறைவு, குமிழ் காட்டும் இடமே உண்மையான மதிப்பு. ஆனால் விஎஃப்டி பக்கத்தில் ஓடினால் மதிப்பு நடுங்கும். சுற்றுவதைக் கிளிக்காக எண்ணும் என்கோடர் நடுங்காது, ஆனால் குமிழில் அளவு எழுத முடியாது. திரையைப் பார்க்க வேண்டும். படிப்படியாக நிற்கும் கோடட் ரோட்டரி சுவிட்ச் கிடைத்தால் இரண்டுக்கும் நடுவில் நல்ல தீர்வு.

எதுவானாலும் ஃபீட் 0 சதவீதம் வரை இறங்கட்டும், மேலே 120-க்கு மேல் வேண்டாம். புது புரோகிராமின் முதல் ஓட்டத்தில் கை குமிழிலேயே இருக்கும் என்பதால், இதை ஃபீட் ஹோல்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

7. இன்புட் கணக்கு

இப்போது எண்ணுங்கள். மேசா 7ஐ96எஸ் கார்டில் 11 இன்புட், 6 அவுட்புட். மூன்று ஹோம் சுவிட்ச், தொட்டு அளக்கும் ப்ரோப் ஒன்று, எமர்ஜென்சி தகவல், டிரைவர் ஃபால்ட் என்று ஆறு போனால் மிச்சம் ஐந்து. எம்பிஜிக்கே இரண்டு. நான்கு நிலை சுவிட்சுக்கு நாலு வயர் இழுக்காமல், கான்டாக்டுகளை பைனரியாகக் கட்டினால் இரண்டு வயரில் முடியும். அப்படியும் போதாவிட்டால் விரிவாக்கக் கார்டு வாங்குங்கள். நிறுத்தும் பட்டன்களும் ஜாக்கும் நேரடி இன்புட்டில், கூலண்டும் லைட்டும் ஆர்டுயினோ போன்றவற்றில் என்று பிரிக்கலாம்.

பட்டன் வாங்கும் நேரம் இதுதான்.

8. தகடு வெட்டுவது

3 மில்லிமீட்டர் அலுமினியம் போதும். வளையாது, எர்த் கொடுக்கலாம், உங்கள் மெஷினிலேயே வெட்டலாம். துளை 22.5 மில்லிமீட்டர். பட்டன் சுற்றாமலிருக்க சிலவற்றுக்கு ஒரு சின்ன வெட்டும் வேண்டியிருக்கும், கையில் உள்ள பட்டனை அளந்து பாருங்கள். தகட்டின் அடியில் ப்ளைவுட் கொடுத்து, ஓரத்தில் மட்டுமல்லாமல் நடுவிலும் ஸ்க்ரூவால் பிடியுங்கள். இல்லாவிட்டால் தகடு மேலே எழும்பி எண்ட் மில் கவ்வி இழுக்கும்.

பெட்டியின் ஆழம் 100 மில்லிமீட்டர் இருக்கட்டும். பட்டன் முன்னால் பார்க்கச் சிறிதுதான். பின்னால் எலிமெண்டும் வயர் வளைவும் சேர்ந்தால் ஆழம் குறைந்த பெட்டி மூடாது.

9. வயரிங்

பட்டன் பெட்டிக்குள் 24 வோல்ட் டிசி மட்டும். 230 வோல்ட் ஒரு வயர்கூட வேண்டாம். கூலண்ட் பம்ப் சுவிட்ச்தானே என்று நான் முதலில் 230-ஐ எம்பிஜி கேபிளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். பம்பை அணைக்கும்போதெல்லாம் ஒய் அச்சு இரண்டு மூன்று கிளிக் தானாக நகர்ந்தது. ஒரு வாரம் மென்பொருளைத் திட்டினேன். சுவிட்சை 24 வோல்ட்டாக்கி, பவர் பெட்டியில் ரிலே வைத்தபிறகு நின்றது.

5 வோல்ட் இன்புட் போர்டு மலிவுதான். ஆனால் சாதாரணப் பட்டன் எலிமெண்டின் வெள்ளிக் கான்டாக்டுக்கு அந்தச் சின்ன கரண்ட் போதாது. கொஞ்ச நாளில் படலம் படிந்து சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. 24 வோல்ட்டில் சில மில்லிஆம்ப் ஓடினால் இந்தத் தொல்லை குறைவு.

டிசி ரிலே காயிலின் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை ப்ளஸ் பக்கம். ஏசி காண்டாக்டர் காயிலுக்கு ஆர்சி ஸ்னப்பர். எம்பிஜியில் ஏ, ஏ பார், பி, பி பார் என்று (பார் என்பது அதன் தலைகீழ் சிக்னல்) நாலு சிக்னல் வந்தால், அதை ஏற்கும் இன்புட்டும் இருந்தால், ஜோடி ஜோடியாக முறுக்கிய ஷீல்டு கேபிளில் கொண்டுபோங்கள். இந்த ஷீல்டை பவர் பெட்டி முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். விஎஃப்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளின் ஷீல்டு மட்டும் இரு முனையிலும். இரண்டு கேபிளும் ஒரே டக்டில் போகக்கூடாது. குறுக்கிட வேண்டுமென்றால் செங்குத்தாக.

வயரை நேராக ஸ்க்ரூவில் சொருகாமல் பின் லக் அடியுங்கள், அதிர்வில் இழை பிரிந்து பக்கத்து ஸ்க்ரூவைத் தொடாது. இரு முனையிலும் நம்பர் ஃபெரூல். கேபிள் பெட்டியின் அடியிலிருந்து கிளாண்ட் வழியே வரட்டும்; மேலிருந்து வந்தால் கூலண்ட் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். திறக்கும் முகப்புக்குத் தனி எர்த் வயர் போடுங்கள், கீலை நம்ப வேண்டாம்.

10. உயிர் கொடுக்கும் வரிசை

பவர் இல்லாமல் மல்டிமீட்டரில் ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள். அடுத்து 24 வோல்ட் மட்டும் கொடுத்து, திரையில் இன்புட் மாறுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது எமர்ஜென்சி: மோட்டார் இணைக்காமல் அழுத்தி, ரிலே விழுவதைப் பார்த்து, பிறகு பட்டனுக்குப் போகும் ஒரு வயரை வேண்டுமென்றே கழற்றுங்கள். அப்போதும் விழ வேண்டும். இரண்டாவது சேனலுக்கும் அதேபோல.

அப்புறம் கட்டர் இல்லாமல், தலையை மேலே ஏற்றி, தலைக்கடியில் ஒரு மரக்கட்டை வைத்து அச்சு ஓடும்போது அழுத்துங்கள். தலை இறங்குகிறதா என்று பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்துப் போடுங்கள். "மெஷின் ஆன்" அழுத்தாமல் எதுவும் அசையக்கூடாது. ஸ்பிண்டிலை முழு வேகத்தில் ஓடவிட்டு எமர்ஜென்சி அழுத்தி, நிற்க எத்தனை விநாடி என்று எழுதிவையுங்கள். கடைசியாகக் கட்டர் போட்டு, மரத்திலோ மெழுகிலோ ஒரு புரோகிராம் ஓட்டி, நடுவில் ஃபீட் ஹோல்டும் தொடர்ச்சியும் பாருங்கள்.

பெயர்களை இப்போதே பொறிக்கக் கொடுக்க வேண்டாம். மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டி ஒரு மாதம் ஓட்டுங்கள். எனக்கு அதிலும் இரண்டு பட்டன் வேலை மாறியது.